மருந்து கலக்கிற கை

1. வரம்பில் கிடந்தவர்

"பிள்ளை, உடன வெளிக்கிட்டு வாங்கோ. காளிமுத்து வரம்பில விழுந்து கிடக்கிறான். வாயால நுரை வருது."

தொலைபேசியில் கத்தியவர் நடராசா அண்ணை, எங்கள் பகுதிக் கமக்காரர் அமைப்பின் தலைவர். எந்த அவசரத்திலும் ஆறுதலாகக் கதைக்கிற மனிதர். அவர் கத்தியதைக் கேட்டதும் கையெழுத்து வைக்க எடுத்த கடதாசிகளை மேசையில் அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் கண்டாவளைப் பக்கத்தில் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்து, போன வருடம் ஓய்வு பெற்றவள்; இது அதற்கு முந்தி நடந்தது. ஊரில் எங்கள் ஆங்கிலப் பதவிப் பெயரின் முதலெழுத்துகளை எடுத்து ஏ.ஐ. என்று சுருக்கிச் சொல்வார்கள். இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் பிள்ளைகள் கைபேசியைத் தூக்கிக் காட்டுகிறார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதில் எது சரி, எது பிழை என்று எனக்கு இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது காளிமுத்துவின் முதுகில் மருந்து டாங்கி கொழுவியபடியே இருந்தது. எல்லோரும் சுற்றி நின்று விசிறிக்கொண்டிருந்தார்கள். டாங்கியைக் கழற்றி, போட்டிருந்த சேட்டைக் கிழித்து எறிந்து, வாய்க்கால் தண்ணீரை அள்ளி உடம்பு முழுவதும் ஊற்றச் சொன்னேன். வரம்பில் கிடந்த வெறும் போத்தலை ஒரு பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டேன். எந்த மருந்து என்று ஆசுப்பத்திரியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். நடராசா அண்ணை அவரைத் தன் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டோவரைக்கும் ஓடினார்.

காளிமுத்துவின் தாய் தகப்பன் மலையகத் தோட்டத்தில் இருந்து வன்னிக்கு வந்தவர்கள். வீடு நிற்கிற துண்டைத் தவிர அவருக்குக் காணி இல்லை. ஊர் முழுவதற்கும் மருந்தடிப்பது அவர்தான். போகம் தொடங்கினால் விடிய டாங்கியைக் கொழுவினார் என்றால் வெயில் ஏறும்வரை இறக்க மாட்டார்.

அவர் பிழைத்துக்கொண்டார். ஆசுப்பத்திரி வாட்டு வாசலில் அவருடைய மனைவி விஜயலெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டார். கிளிநொச்சியில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், பாதி நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்.

"மிஸ், இனிமே இவர மருந்தடிக்க யாரும் கூப்பிடாம பாத்துக்கங்க. ஒங்க பேச்சுன்னா இவங்க கேப்பாங்க."

"சரி, நான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். எப்படிப் பார்ப்பது என்று அப்போது எனக்குத் தெரியாது.

2. மேலால் வந்த மருந்து

ட்ரோனால் மருந்தடிப்பது பற்றிய சுற்றறிக்கை என் அலுமாரிக்குள் சில மாதங்களாகக் கிடந்தது. நான் அதை எடுக்காமல் விட்டதற்குக் காரணம் இருந்தது. இந்த வேலையில் நான் பேச்சை மாற்றிய தடவைகள் கொஞ்சமல்ல. யூரியா போடுங்கோ என்று வீடு வீடாகச் சொன்னேன். பிறகு ஒரு போகம், இரசாயனப் பசளையே கூடாது, இயற்கையான சேதனப் பசளைதான் என்று சொல்லச் சொன்னார்கள். அதையும் சொன்னேன். விளைச்சல் படுத்தது. பிறகு திரும்பவும் யூரியா. ஒவ்வொரு தடவையும் அதே ஆட்கள், அதே மண்டபம், அதே ஒலிவாங்கி, அதே நான். "மிஸ் இந்த முறை என்ன சொல்லப் போறா?" என்று பின்வரிசையில் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும்.

ஆனால் காளிமுத்து விழுந்த பிறகு அந்தச் சுற்றறிக்கையை எடுத்து வாசித்தேன். முதுகில் டாங்கி இல்லை. நஞ்சு மூட்டத்துக்குள் நடக்கத் தேவையில்லை. விஜயலெட்சுமிக்குக் கொடுத்த வாக்குக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வவுனியாவில் இருந்து பிரதீபன் என்கிறவரைக் கூப்பிட்டேன். முப்பது வயதிருக்கும். சொந்தமாக ட்ரோன் வாங்கித் தொழில் செய்கிறவர். தன் வான் வண்டியில் மின்கலங்களும் ஜெனரேற்றரும் கொண்டு வந்து இறங்கினார். நடராசா அண்ணையின் வயலில்தான் செயல்விளக்கம்.

ட்ரோன் இரைந்துகொண்டு எழும்பியபோது வரம்பில் நின்ற சிலர் தங்களை அறியாமல் தலையைக் குனிந்தார்கள். போர்க் காலத்தில் தலைக்கு மேல் சுற்றிய வேவு விமானத்தை எங்கள் ஆட்கள் வண்டு என்று சொல்வார்கள். நடராசா அண்ணையின் மனைவி வீட்டுப் பக்கம் திரும்பி நடந்துவிட்டார். அவர் அன்று கடைசிவரை வெளியே வரவில்லை.

மற்றவர்கள் கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள். காளிமுத்து ஒரு காலை முழுவதும் நடந்து அடிக்கிற வயலை, அது ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அடித்து முடித்தது. பயிர் மிதிபடவில்லை. எல்லோரும் கைபேசியில் படம் பிடித்தார்கள்.

"இனி காளிமுத்துவைத் தேடித் திரியத் தேவையில்லை" என்றார் நடராசா அண்ணை, சந்தோசத்தில்.

ஆசுப்பத்திரியால் வந்து ஒரு கிழமைகூட ஆகாத காளிமுத்து, பின்னால் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். நடராசா அண்ணை அவரைக் காணவில்லை. நான் கண்டேன்.

3. ஒரே வீட்டில் இருந்து இரண்டு பேர்

அடுத்த நாள் காளிமுத்து என் விவசாயக் கந்தோருக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொல்லியும் நின்றபடியே கதைத்தார்.

"கோவிக்காதீங்கோ மிஸ். என்ர நன்மைக்குத்தான் உந்த ட்ரோனைக் கொண்டு வந்தனீங்கள் எண்டு நடராசா ஐயா சொன்னவர்."

"ஓம். திரும்ப ஒருக்கா விழுந்தீங்கள் எண்டால் எழும்ப மாட்டீங்கள் எண்டு டொக்டர் சொன்னவர்தானே?"

"அது விளங்குது மிஸ். நெல்லு அருவி வெட்டுக்கு மெசின் வந்திட்டுது. நாத்து நடுகை இல்லை, வீசி விதைக்கிறியள். களை பிடுங்க ஆள் தேவையில்லை, அதுக்கும் மருந்து. எனக்கு மிச்சமா இருந்தது இந்த டாங்கி ஒண்டுதான். அதை இறக்கி வைச்சிட்டியள். வயித்தை எங்க இறக்கி வைக்கிறது?"

வேறு வேலை ஒன்று பார்ப்போம் என்று சொன்னேன். "என்ன வேலை?" என்று கேட்டார். பதிலுக்கு நில்லாமல் கும்பிட்டுவிட்டுப் போனார். கோபமாகப் போயிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் கிழமையே விஜயலெட்சுமி ஒரு பை நிறைய முருங்கைக்காயோடு வந்தார். "சொன்ன மாதிரியே செஞ்சிட்டீங்க மிஸ்! வீட்டுல இப்ப அந்த மருந்து நாத்தமே இல்ல. பிள்ளைகளும் நானும் நிம்மதியா தூங்குறோம்" என்றார்.

நான் செய்தது ஒரே காரியம். ஒருவர் வயிற்றைக் கேட்டார், மற்றவர் நன்றி சொன்னார். இருவரும் ஒரே வீட்டில் ஒரே உலையில் வெந்ததைச் சாப்பிடுகிறவர்கள். முருங்கைக்காயை வாங்குவதா விடுவதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வாங்கினேன்.

4. தத்தி

பயிர், கதிர் வெளிவருவதற்கு முந்திய குடலைப் பருவத்தை எட்டியபோது தத்தி வந்தது. அது சிறிய கபில நிறப் பூச்சி. நெல்லின் அடித்தண்டில் ஒட்டி இருந்து சாற்றைக் குடிக்கும். கூடிவிட்டால் பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்து, யாரோ நெருப்பு வைத்தது போல இருக்கும்.

ட்ரோன் மேலால் அடித்தது. எங்கள் கமக்காரர்களில் ஒருவரான பொன்னுத்துரை அண்ணையின் வயலில் நெல் அடர்த்தியாக நின்றது. மருந்து இலையோடு நின்றுவிட்டது, அடித்தண்டுக்குப் போகவில்லை என்று நினைக்கிறேன். வயல் வட்டம் வட்டமாக எரிந்தது. அடுத்த வரம்பில் நடராசா அண்ணையின் வயல். அதே ட்ரோன், அதே மருந்து, அதே நாள். அங்கே ஒன்றும் ஆகவில்லை. அதற்கும் அடுத்த துண்டின் சொந்தக்காரர் சுகமில்லாமல் யாழ்ப்பாணத்தில் கிடந்ததால் அந்த வயலுக்கு யாருமே மருந்தடிக்கவில்லை. அதுவும் பெரிய சேதம் இல்லாமல் பச்சையாக நின்றது.

நான் மூன்று வயலுக்குள்ளும் இறங்கிப் பார்த்தேன். பயிரின் அடர்த்தியா, தண்ணீர் கட்டியதா, போட்ட யூரியாவா, முந்தி அடித்த மருந்தில் தத்தியைத் தின்கிற சிலந்திகள் செத்ததாலா? எல்லாம் காரணமாக இருக்கலாம். படித்ததை எல்லாம் ஞாபகப்படுத்திப் பார்த்தேன். மேலதிகாரிகளிடம் கேட்டேன். ஒருவர் ஒன்று சொன்னார், இன்னொருவர் வேறொன்று சொன்னார்.

ஊருக்கு அந்தப் பொறுமை இல்லை. பொன்னுத்துரை அண்ணை தெருவில் என் ஸ்கூட்டியை மறித்தார்.

"பிள்ளை, உங்கட ட்ரோன் கோயில்ல தீர்த்தம் தெளிக்கிற மாதிரித் தெளிச்சிட்டுப் போகுது. தத்தி கும்பிட்டுப்போட்டு இருந்து சாப்பிடுது. எனக்குக் காளிமுத்துதான் வேணும்."

காளிமுத்துவும் போக வெளிக்கிட்டார். டாங்கியைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாராம். விஜயலெட்சுமி அதன் வாரை அறுத்துப்போட்டார். அந்த வீட்டில் இரண்டு நாள் சமையல் நடக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

5. தொப்பி போட்ட வேலை

அதற்கு ஒரு முடிவு தானாக வந்தது போல இருந்தது. பிரதீபனுக்கு உள்ளூர் ஆள் ஒருவர் தேவைப்பட்டார். எந்த வயலின் எல்லை எங்கே முடிகிறது, எந்தப் பக்கம் மின்கம்பி போகிறது, எந்த வாய்க்காலில் தண்ணீர் எடுக்கலாம் என்று தெரிந்த ஆள். காளிமுத்துவை வேலைக்கு எடுத்தார். ஒரு தொப்பியும் கொடுத்தார். காளிமுத்து அந்தத் தொப்பியோடு சைக்கிளில் போவதைக் கண்டபோது எனக்கு மனம் நிறைந்தது. எல்லாம் சரி வந்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன்.

சில நாள் கழித்து அவர்கள் வேலை செய்கிற இடத்துக்குப் போனேன். பிரதீபன் தூரத்தில் நின்று ட்ரோனை இயக்கிக்கொண்டிருந்தார். வான் வண்டியின் பின்பக்கம் காளிமுத்து நிலத்தில் குந்தியிருந்தார். மருந்துப் போத்தலின் மூடியைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளைப் பல்லால் கடித்துக் கிழித்து, துப்பிவிட்டு, மருந்தை ஊற்றித் தடியால் கலக்கினார். கை முழங்கைவரை நனைந்திருந்தது.

முதுகு டாங்கியில் அடிக்கும்போது ஒரு ஏக்கருக்குரிய மருந்தைப் பல டாங்கித் தண்ணீரில் கரைப்பார்கள். ட்ரோன் அவ்வளவு தண்ணீரைத் தூக்காது. அதே மருந்து ஒரு சின்னத் தொட்டிக்குள் செறிவாக இருக்கும். அதோடு ட்ரோன் வேகமானது. முந்தி ஒரு நாளில் அவர் திறந்த போத்தல்களை இப்போது ஒரு மணித்தியாலத்தில் திறக்கிறார்.

"கையுறை எங்க காளிமுத்து?"

"பொக்கற்றுக்க இருக்கு மிஸ். போட்டால் மூடி வழுக்குது. வான்கார ஐயா அவசரப்படுத்துறார்."

பிரதீபனிடம் கேட்டேன். அவரும் கெட்ட மனிதர் அல்ல. "அக்கா, கையுறை, மாஸ்க், கண்ணாடி எல்லாம் வாங்கிக் குடுத்தனான். போடச் சொல்லித் தொண்டை வத்திப்போச்சு. மின்கலம் சூடேறினால் நான் நிப்பாட்ட வேணும். அதுக்குள்ள எல்லா வயலும் முடிக்காட்டி ஆக்கள் ஏசினம். நான் என்ன செய்ய?"

விஜயலெட்சுமியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொழிற்சாலை பஸ்ஸால் இறங்கி வந்தவரைத் தெருவில் கண்டு சொன்னேன்.

"அப்ப இதுவும் விஷமா மிஸ்? நீங்கதானே கொண்டாந்தீங்க? எனக்கு விவரம் எல்லாம் வேணாம். ஒரே வார்த்தையில சொல்லுங்க. இவர் போகலாமா, போகக் கூடாதா?"

ஒரே வார்த்தை. முப்பது வருடத்துக்குக் கிட்டச் சேவை. எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

6. கூட்டம்

போகம் முடிந்து, அமைப்புக்குச் சொந்தமாக ஒரு ட்ரோன் வாங்குவதா என்று தீர்மானிக்கக் கூட்டம் போட்டார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. நடராசா அண்ணை வாங்குவோம் என்றார். பொன்னுத்துரை அண்ணை, உந்தத் தும்பி எங்களுக்கு வேண்டாம் என்றார். ஒருவர் மருந்தே வேண்டாம், முந்தி எல்லாம் மருந்தடித்தா சாப்பிட்டோம் என்றார். இன்னொருவர் எழும்பி, "முந்தி எத்தினை மூடை விளைஞ்சது? உன்ர பெடியனை மோட்டார் சைக்கிளால இறக்கி, முந்தின மாதிரிச் சைக்கிள்ல ரியூசனுக்கு அனுப்புவியோ?" என்று கேட்டார். ஒவ்வொருவர் சொன்னதும் அந்தந்த நேரத்தில் எனக்குச் சரியாகவே பட்டது. அதுதான் பெரிய கரைச்சல்.

கடைசியில் நடராசா அண்ணை என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீங்கள் சொல்லுங்கோ. நல்லதோ, கூடாதோ?"

எழும்பினேன். தயார் செய்து வந்த பேச்சு ஒன்று கையில் இருந்தது. அதை வாசிக்க மனம் வரவில்லை.

"எனக்குத் தெரியேல்லை அண்ணை. மூண்டு வயலுக்குள்ளயும் நான் இறங்கிப் பாத்தனான். ஒரு வயலுக்கு நல்லா இருந்தது, ஒரு வயலுக்குச் சரிவரேல்லை. வாங்கிறதும் விடுறதும் உங்கட விருப்பம். ஆனா ஒண்டு கேக்கிறன். ட்ரோனோ டாங்கியோ, எதால அடிச்சாலும், ஆரின்ர வயலோ அவர்தான் போத்தலைத் திறந்து மருந்து கலக்க வேணும். கையுறை போட்டு, மாஸ்க் போட்டு, சொந்தக் கையால. காளிமுத்து கலக்கக் கூடாது."

மண்டபத்தில் ஒரே இரைச்சல். "அவனுக்குக் கூலி குடுக்கிறம்தானே?" என்று யாரோ கேட்டார்கள்.

"கூலி குடுத்தால் நஞ்சு குறையுமோ? ஒவ்வொருத்தரும் தன்ர வயலுக்கு ஒரு போகத்தில ஒருக்கா, ரெண்டு தரம் கலக்கிறது வேற. ஒரு மனிசன் முழு ஊருக்கும் கலக்கிறது வேற."

இதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இருந்ததா என்று இன்றுவரை தெரியாது. சுற்றறிக்கையில் அப்படி ஒன்றும் இல்லை. மண்டப வாசலில் நின்ற காளிமுத்துவின் முகத்தைப் பார்த்தேன். அது நன்றி சொல்கிற முகமாகத் தெரியவில்லை.

நடராசா அண்ணை எழும்பிக் கையைக் காட்டி இரைச்சலை அடக்கினார். பிறகு, "அண்டைக்கு அவனைத் தோளில போட்டுக்கொண்டு ஓடினவன் நான். அந்த உடம்பு நடுங்கின நடுக்கம் இப்பவும் என்ர தோளில இருக்கு. என்ர வயலுக்கு நான் கலக்கிறன். மற்றவை யோசிச்சுச் செய்யுங்கோ" என்றார்.

தலைவர் சொன்ன பிறகு மற்றவர்கள் முணுமுணுத்தபடி ஒத்துக்கொண்டார்கள். ட்ரோன் வாங்குவதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அது இன்னும் தள்ளித்தான் கிடக்கிறது.

7. பிறகு நடந்தது

அடுத்த போகம் பிரதீபன் வழமை போல வந்தார். நடராசா அண்ணை கையுறை, மாஸ்க், கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு வானுக்குப் பின்னால் குந்தினார். நானும் நின்றேன். போத்தலைத் திறந்ததும் மணம் முகத்தில் அடித்தது. மாஸ்க்குக்கு மேலாலும் அடித்தது. அண்ணை போத்தலைத் தூரப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இந்த முறை கட்டாயம் அடிக்கத்தான் வேணுமோ?"

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. இறங்கிப் பார்ப்போம் என்றேன். இருவரும் வயலுக்குள் இறங்கி, பயிரை விலக்கி அடித்தண்டைப் பார்த்தோம். தத்தி அங்கொன்று இங்கொன்றாக இருந்தது. சிலந்தி நிறைய நின்றது. ஒரு கிழமை பொறுக்கலாம் என்று சொன்னேன். அவர் போத்தலை இறுக்கி மூடிவிட்டு, பெரிய ஆறுதலோடு கையுறையைக் கழற்றினார்.

அவர் மட்டுமல்ல. போத்தலைத் தாங்களே திறக்க வேண்டும் என்று வந்ததும் ஊரில் பலர் முதலில் வயலுக்குள் இறங்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். எத்தனையோ வருடமாக நான் ஒலிவாங்கியில் சொல்லிச் சொல்லி நடக்காத காரியம். தத்தி வந்து சிலருக்கு நட்டமும் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் மருந்தடிப்பு நன்றாகக் குறைந்தது. மருந்துக்கடைக்காரர் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கத் தொடங்கினார்.

மருந்தடிப்புக் குறைந்ததால் பிரதீபனின் வானும் எங்கள் பக்கம் குறைந்தது. காளிமுத்துவின் வேலை நாட்களும் குறைந்தன. ஒரு நாள் சந்தையில் கண்டபோது அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"மிஸ், நீங்கள் எனக்கு நல்லது செய்ய வெளிக்கிட்டால் ஒவ்வொரு முறையும் எனக்குக் கூலி போகுது."

பிறகு அவர் பிரதீபனோடு மல்லாவிப் பக்கம் போகத் தொடங்கினார். அங்கே வயல் கூட, வேலை கூட. கிழமைக்கு ஒருக்காத்தான் வீட்டுக்கு வருவார். இது நடந்தபோது நான் ஓய்வு பெற்றுவிட்டிருந்தேன். இனி எனக்குச் சம்பந்தமில்லை என்றுதான் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விஜயலெட்சுமி வீடு தேடி வந்தார். சுகம் கேட்டார், தேத்தண்ணி குடித்தார். போக எழும்பும்போது கேட்டார்.

"மிஸ், மல்லாவியில யாரு கலக்குறா?"

எனக்குத் தெரியாது என்றேன். ஆனால் அவர் கேட்ட விதத்தில், காளிமுத்துதான் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று விளங்கியது.

அந்தப் பக்கத்துப் போதனாசிரியரோடு கதைத்தேன். நல்ல பிள்ளை. கூட்டம் வைத்துச் சொல்லியும் பார்த்தார். சிலர் தாங்களே கலக்க ஒத்துக்கொண்டார்கள். மற்றவர்கள், காளிமுத்து மாட்டேன் என்றால் வேறு ஆள் பிடிப்போம் என்றார்களாம். அதைக் கேட்ட காளிமுத்து, தான் மாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லையே என்று அந்தப் பிள்ளையோடு சண்டைக்குப் போயிருக்கிறார். இப்போதும் அங்கேதான் போய் வருகிறார். கையுறை போடுகிறார் என்று கேள்வி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். ஒரு புதுச் சாமான் ஊருக்கு வந்தால், எவ்வளவு வேகம், எவ்வளவு மிச்சம், நல்லதா கூடாதா என்றுதான் உங்களிடம் கேட்பார்கள். தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு வானின் பின்பக்கம் போய், அங்கே குந்தியிருக்கிறவரின் பெயரைக் கேளுங்கள். பெயர் தெரிந்த பிறகு உங்கள் குழப்பம் குறையாது, கூடும். எனக்குக் கூடியது. அந்தக் குழப்பத்தோடேயே அடுத்த வயலுக்குள் இறங்குங்கள்.